1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பழைய பெயின்ட்டைக் காப்பதா, சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதா?

காவேரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1966-இல் என் தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. சென்னையில் தயாரான, இரண்டு கதவுகள் கொண்ட, வெளிர் நீல நிற வண்டி. வாங்கிய நாளிலிருந்து குடும்பத்தை விட்டு வெளியே போனதில்லை. தாத்தாவுக்குப் பிறகு அப்பா ஓட்டினார். அவருக்குப் பார்வை குறைந்ததும் வண்டி ஷெட்டில் நின்றுவிட்டது. இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எஞ்சின், பிரேக், வயரிங் ஆகியவற்றைச் சரிசெய்து ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். வெளித்தோற்றத்தை என்ன செய்வது என்பதில்தான் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு.

பானெட்டின் மேற்பகுதி வெளுத்துவிட்டது; விரலால் தேய்த்தால் நீலப் பொடி ஒட்டுகிறது. கூரையில் மெல்லிய வெடிப்புகள் வலைபோலப் பரவியிருக்கின்றன. கதவு விளிம்புகளில் பெயின்ட் தேய்ந்து பிரைமர் எனும் அடிப்பூச்சு தெரிகிறது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற தகட்டில் துரு ஓட்டை போட்டிருக்கிறது. மற்ற இடங்களில் நிறம் மங்கியிருந்தாலும் பெயின்ட் கெட்டியாகவே இருக்கிறது.

எங்கள் ஊர் டிங்கரிங் ஷெட்டில், மொத்தத்தையும் தகடு தெரியச் சுரண்டி, பள்ளங்களை நிரப்பும் பட்டி வைத்து, டூ-கே பி.யு. (இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்தால் ஷோரூமிலிருந்து வந்ததைப்போல் ஆகிவிடும், விலையும் கூடும் என்கிறார்கள். வெளிநாட்டுக் கண்காட்சிகளைத் தொடர்ந்து கவனிக்கும் என் மாமாவோ, கம்பெனி பெயின்ட் இருக்கும் வண்டியில் கை வைப்பதே தவறு, அங்கெல்லாம் அப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் அதிக விலை என்கிறார். விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனால் திரும்பப் பெற முடியாத எதையும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பல கோடி ரூபாய் பெறும் ஐரோப்பியக் கார்களுக்குப் பொருந்தும் கணக்கு நம் ஊர் ஹெரால்டுக்கும் பொருந்துமா? இது உண்மையிலேயே கம்பெனி பெயின்ட்தானா என்பதை எப்படி உறுதிசெய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழம்பொறி எழுதியது:

உங்கள் மாமா சொல்வதன் பக்கம்தான் நான். ஆனால் பழையது என்பதாலேயே அது புனிதம் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் கார் அழகுப் போட்டியை உலகமே பின்பற்றுகிறது. நெடுங்காலம் அங்கே உச்சப் பரிசு பெற்றவை, கடைசி ஆணி வரை பிரித்து, கம்பெனியே கனவு காணாத அளவுக்கு மெருகேற்றிய கார்கள்தாம். அந்தப் போக்கினால், எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை, நல்ல நிலையிலிருந்த எத்தனையோ கார்களின் மூலப் பெயின்ட்டும் மூலத் தோல் இருக்கைகளும் குப்பைக்குப் போயின. பிறகுதான் எண்ணம் மாறத் தொடங்கியது. 2001-இல் அங்கே சீரமைக்கப்படாத கார்களுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில், அந்தப் பிரிவிலிருந்து ஒரு கார் முதன்முறையாக ஒட்டுமொத்தப் போட்டியிலும் முதலிடம் பெற்றது. அது 1934-ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59.

அந்தக் காரின் பெயின்ட்டைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது பந்தயக் காராகப் பிறந்து, ஸ்போர்ட்ஸ் காராக மாற்றப்பட்டு, பின்னர் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் சென்றது. இன்று அதன் மேல் இருப்பது, மன்னருக்காக அடிக்கப்பட்ட, மஞ்சள் கோடு போட்ட கறுப்பு. தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது இருந்த நிறம் அதுவல்ல. ஆனாலும் அதைச் சுரண்டிவிட்டுப் பந்தய நீலத்துக்குத் திருப்பவேண்டும் என்று விவரமறிந்த எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் கறுப்பும் அந்தக் காரின் வரலாற்றில் உண்மையாக நடந்த ஒன்றின் சான்று. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட்டில் நடந்த ஏலத்தில் இதே கார் 95 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. பெயின்ட் உரிந்திருந்ததைக் குறையென்று யாரும் கழிக்கவில்லை.

விலை வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க 2014 ஜனவரியில் அரிசோனாவில் நடந்த ஓர் ஏலம் உதவும். மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைக் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல் கூபேக்கள் இரண்டு அதே மேடைக்கு வந்தன. பளிச்சென்று சீரமைக்கப்பட்டிருந்த கார் சுமார் 14 லட்சம் டாலருக்குப் போனது. பல ஆண்டுகள் தூசியில் கிடந்து, பெயின்ட் மங்கி, இருக்கைகள் கிழிந்திருந்த கார் சுமார் 19 லட்சம் டாலருக்குப் போனது. சீரமைப்புக்கு இன்னும் பல லட்சம் டாலர் செலவாகும் என்று தெரிந்தும் மக்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்றால், அவர்கள் விலை கொடுத்தது எதற்கு என்று கேட்க வேண்டும்.

சான்றுக்குத்தான் கொடுத்தார்கள். தொழிற்சாலையில் பெயின்ட் அடித்தவருடைய கை எங்கே அழுந்தியது, எங்கே அவசரமாக ஓடியது, டிக்கியின் உள்மூலையில் எவ்வளவு மெல்லிதாகப் புகைபோல் படிந்தது, தகடுகள் சேரும் இடத்தில் எப்படிப்பட்ட பூச்சை வைத்தார்கள், எந்த ஸ்க்ரூவைப் பெயின்ட்டுக்கு முன் முடுக்கினார்கள், எதைப் பின்னால் முடுக்கினார்கள் என்பதெல்லாம் அந்தப் படலத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. கம்பெனி ஆவணங்கள் இவற்றை எழுதி வைப்பதில்லை. இன்னொரு வண்டியைச் சரியாகச் சீரமைக்க விரும்புகிறவர்கூட, தொடப்படாத ஒரு வண்டியைத் தேடிப்போய்த்தான் அளவெடுத்து வருகிறார். ஆகவே, கடைசியாக எஞ்சியிருக்கும் தொடப்படாத வண்டியையும் சுரண்டிவிட்டால், அதற்குப் பின் செய்யப்படும் ஒவ்வொரு சீரமைப்பும் ஊகமாகிவிடும்.

பிலடெல்பியாவில் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த பிரெட் சிமியோன் சேர்த்த பந்தயக் கார்கள் இப்போது அங்கே அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாக இருக்கின்றன. அதிலுள்ள ஷெல்பி கோப்ரா டேடோனா கூபே, அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014-இல் முதலாவதாகச் சேர்க்கப்பட்ட கார். அது பழைய பெயின்ட்டோடுதான் நிற்கிறது. தேவையானபோது ஓட்டியும் காட்டுகிறார்கள். காப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

உங்கள் ஹெரால்டுக்கு வருகிறேன். இத்தாலியின் மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த இந்தக் காரின் உடல், தனித்தனிப் பகுதிகளாகச் சேஸி எனும் அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். அடிபட்டால் ஒரு பகுதியைக் கழற்றி வேறு வண்டியின் பகுதியை மாட்டுவது எளிது. நம் ஊரில் அப்படித்தான் பெரும்பாலான ஹெரால்டுகளை ஓட்டினார்கள். அதனால் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கப்பட்டவை என்று காட்டக்கூடிய ஹெரால்டு மிகவும் அபூர்வம். உங்களிடம் அப்படி ஒன்று இருக்கலாம். டூ-கே பெயின்ட்டை அடுத்த மாதமும் அடிக்கலாம், இருபது ஆண்டு கழித்தும் அடிக்கலாம். சுரண்டிய பெயின்ட்டைத் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது.

டிங்கரிங் ஷெட் எழுதியது:

நான் இந்தத் தொழிலிலேயே இருப்பவன். மேலே நண்பர் எழுதியதில் உண்மை நிறைய இருந்தாலும், அதைப் படித்துவிட்டு ஹெரால்டு வைத்திருப்பவர் யாரும் தவறான கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2015 பிப்ரவரியில் பாரிஸில் பையோன் குடும்பத்தின் 59 கார்கள் ஏலம் போனதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணையில், திறந்த கொட்டகைகளின் கீழ், மழையிலும் காற்றிலும் துருப்பிடித்துக் கிடந்த கார்கள் அவை. அவற்றுள், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்த பெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. ஆனால் அந்தக் குட்டைச் சேஸி மாதிரியில் உலகம் முழுவதற்குமாகச் செய்யப்பட்டவையே ஐம்பது அறுபதுதான். அதைச் சீரமைத்து வைத்திருந்தாலும் கோடிகளில்தான் போயிருக்கும். தூசியால் விலை வந்ததென்று சொல்வதைவிட, தூசிக்குள் பெராரி இருந்ததால் விலை வந்தது என்று சொல்வதே சரி.

நம் ஊரில் ஹெரால்டு தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலானோர் ராலிக்கு எடுத்துப்போகவும் வீட்டு விசேஷத்துக்கு வாசலில் நிறுத்தவும் வாங்குகிறார்கள். பளபளப்பான வண்டியைத்தான் கேட்கிறார்கள். மங்கிய பெயின்ட்டுக்குக் கூடுதல் விலை தரும் ஆட்கள் இங்கே இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஆகவே விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் பெயின்ட்டைக் காக்க வேண்டாம். காக்க வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால் காத்துக்கொள்ளுங்கள். அதற்கு நானும் கைகொடுப்பேன்.

இன்னொன்று, துருவை அழகு என்று நினைத்துவிடாதீர்கள். வெளுத்த பெயின்ட் அப்படியே இருக்கும். துரு அப்படியே இருக்காது, தின்றுகொண்டே போகும். ஹெரால்டில் சில் பகுதி ஓட்டையானால் அதற்குப் பின்னால் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளும் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். உடலைத் தாங்குவதே அவைதாம். அதைப் பார்க்காமல் பெயின்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வீண்.

போலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய பெயின்ட்டுக்கு மவுசு வந்ததும், புதுப் பெயின்ட்டை அடித்து, விளிம்புகளில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, உப்புத்தண்ணீரும் வினிகரும் தெளித்துத் துருவை வரவழைத்து விற்கும் வேலையும் தொடங்கிவிட்டது. கம்பெனி பெயின்ட் என்று நம்பி அதிக விலை கொடுத்து ஒருவர் வாங்கிய வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. பின் மட்கார்டைத் தட்டிப் பார்த்ததுமே சத்தம் மந்தமாக இருந்தது. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி. தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும்: கதவுப் பிடியைச் சுற்றி, பானெட்டைத் தூக்கும் இடத்தில், டிக்கி விளிம்பில். அந்த வண்டியிலோ யாருடைய கையும் படாத கூரை நடுவில் தேய்ந்திருந்தது. விற்றவரிடம் கேட்டபோது தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். வாங்கியவர் கண்கலங்கி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பழம்பொறி எழுதியது:

ஷெட் நண்பர் துருவைப் பற்றிச் சொன்னதை வரிக்கு வரி ஏற்கிறேன். அபூர்வமான கார்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதற்கு மட்டும் ஒரு மறுமொழி.

1968-இல் வந்த ஒரு திரைப்படத்தின் துரத்தல் காட்சிகளுக்காக ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங், 1974-இல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்தின் கைக்குப் போனது. வீட்டுக் காராக ஓடி, பழுதாகி, பல ஆண்டுகள் மறைந்தே இருந்தது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலக் கட்டணம் உட்பட 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. மஸ்டாங் லட்சக்கணக்கில் உற்பத்தியான சாதாரணக் கார். இந்தக் காரின் அடியில் படப்பிடிப்புக் கேமராவுக்காகப் பற்றவைத்த இரும்புத் துண்டுகளும், மங்கிய அந்தப் பச்சையும் அது இன்ன கார் என்று நிரூபிக்கப் பெரிதும் உதவின. இடையில் யாராவது அன்போடு சீரமைத்து, அந்தத் துண்டுகளை அறுத்தெறிந்து, புதுப் பச்சை அடித்திருந்தால் மிச்சமிருப்பது எண்ணற்ற பச்சை மஸ்டாங்குகளில் ஒன்று.

காவேரிக்கரை அவர்களின் ஹெரால்டில் திரைநட்சத்திரம் எவரும் உட்காரவில்லைதான். ஆனால் ஒரே குடும்பம், ஒரே ஊர், தொடர்ச்சியான ஆவணம் என்ற வரிசையோடு பெயின்ட்டும் ஒத்துப்போனால் அந்த வண்டி தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும். தாத்தா வாங்கிய பில், ஆர்.சி. புத்தகம், பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மைக்ரான் எழுதியது:

கம்பெனி பெயின்ட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் நான் முயல்கிறேன்.

முதலில் வெயில் படாத இடங்களைப் பாருங்கள். கதவு ரப்பரை மெதுவாக விலக்கி அதன் அடியிலும், டிக்கிக்குள் ஸ்டெப்னிக்கு அடியிலும், நம்பர் பிளேட்டைக் கழற்றி அதன் பின்னாலும், டேஷ்போர்டு அறையின் உள்ளேயும் உள்ள நீலத்தை வெளியிலுள்ள நீலத்தோடு ஒப்பிடுங்கள். அதே நிறம் ஆழமாக இருந்து வெளியே வெளுத்திருந்தால் நல்ல அறிகுறி. உள்ளே வேறு நிறம் இருந்தால் கேள்விக்கே இடமில்லை, மறுபடி அடித்த வண்டி. ரப்பரின் மேலோ, வயரின் மேலோ, கண்ணாடிப் பட்டையின் ஓரத்திலோ நீலத் துளிகள் படிந்திருந்தால், பாகங்களைக் கழற்றாமல் பிற்காலத்தில் யாரோ ஸ்ப்ரே செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து, பெயின்ட் கனத்தை அளக்கும் கருவியை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். இரும்புத் தகட்டின் மேல் காந்தத் தூண்டல் முறையில் கனத்தை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். அந்தக் காலத்துக் கம்பெனி பெயின்ட் பொதுவாக 80-க்கும் 150-க்கும் இடையில் இருக்கும். கையால் ஸ்ப்ரே செய்த வண்டிகளில் இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பே. 250, 300 என்று காட்டினால் மேலே இன்னொரு பூச்சு இருக்கிறது. ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி. ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வராமல், ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில் அளந்து, ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் பழைய விபத்துகள் எல்லாம் அந்தத் தாளில் தாமாகவே வெளிப்படும்.

எந்த வகைப் பெயின்ட் என்பதையும் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பராமரிப்பு அதைப் பொறுத்தது. கண்ணில் படாத மூலையில், துணியில் ஒரு சொட்டு தின்னர் தொட்டு வையுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்றால் உடனே இளகித் துணியில் ஏறும். கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே இறுகிய படலம் அது, மீண்டும் கரைப்பான் பட்டால் கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்த எனாமல் அவ்வளவு எளிதில் கரையாது; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தோ அடுப்புச் சூட்டிலோ இறுகியது. கூரையில் நீங்கள் சொல்லும் வலை வெடிப்பு பழைய லேக்கரில் அடிக்கடி காண்பது. அதை இளகவைக்கும் பொருட்கள் ஆண்டுக்கணக்கில் வெளியேறிவிட, படலம் சுருங்கி விறைத்து, வெயிலில் தகடு விரிவதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கிறது. அந்த வெடிப்பை எந்தப் பாலிஷும் மூடாது. மூட முயலவும் வேண்டாம்.

பானெட்டில் உதிரும் நீலப் பொடி வேறு விஷயம். மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு இல்லாத பெயின்ட் என்பதற்கு அது ஒரு சான்று. எண்பதுகளுக்குப் பிறகு பரவிய கிளியர் கோட் பூச்சில் தேய்த்தால் துணியில் நிறம் ஏறாது. வெயிலில் செத்த மேல்படலம் மிக மெல்லியது. அதற்கடியில் நல்ல நீலம் இருக்கக்கூடும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு மெஷினில் கட்டிங் காம்பவுண்டு (மேல்படலத்தை அராவி எடுக்கும் பசை) போட்டு விளிம்புகளில் பிரைமர் வரைக்கும் தேய்த்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். காரமில்லாத சோப்பு நீரில் மென்மையான துணியால் கழுவி, நிழலில் நன்றாக உலரவிட்டு, தேய்க்கும் துகள் இல்லாத, எண்ணெய்ப் பசை மிகுந்த பாலிஷைத் தாராளமாகப் பூசி ஓர் இரவு விட்டுவிடுங்கள். வறண்ட படலம் அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மறுநாள் கையாலேயே துடைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் மீண்டும் செய்யுங்கள். நிறம் ஆழமடைவது கண்ணுக்குத் தெரியும். பிறகு மெழுகு. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், வெடிப்புகளுக்குள் தண்ணீர் ஏறி உள்ளிருந்து துரு கிளம்பும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். பருத்தி உறை போதும்.

காவேரிக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன். கதவு ரப்பருக்கு அடியிலும் டிக்கிக்குள்ளும் அதே நீலம், மிகவும் ஆழமாக இருக்கிறது. கருவியில் பெரும்பாலான இடங்கள் 90 முதல் 140 வரை காட்டுகின்றன. வலப்பக்கப் பின் மட்கார்டில் மட்டும் 380, சக்கர வளைவுக்கு மேலே ஓர் இடத்தில் 900-ஐத் தாண்டுகிறது. அப்பாவிடம் கேட்டேன், தாத்தா காலத்தில் ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்ததாகச் சொன்னார். சேஸித் தாங்கிகளில் இடப்பக்கம் ஒன்றில் மட்டும் மேலோட்டமான துரு. குத்திப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. பானெட்டில் பாலிஷ் பூசியதும் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்த நீலத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார்.

இனி இரண்டு கேள்விகள். வலப்பக்க மட்கார்டில் உள்ள பழைய பட்டியை எடுத்துவிட்டு முறையாகச் செய்யலாமா? சில் ஓட்டையை அடைக்கும்போது அந்த இடத்துக்கு எந்த நிறத்தை அடிப்பது? விண்டேஜ் வாகனப் பதிவு என்று ஒன்று வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அதற்கும் பெயின்ட்டுக்கும் தொடர்பு உண்டா?

பழம்பொறி எழுதியது:

மட்கார்டைத் தொடாதீர்கள். அடியில் துரு வீங்காமலும் பட்டி பெயராமலும் இருக்கும்வரை, அது உங்கள் தாத்தா செய்வித்த வேலை. புகாட்டியின் கறுப்பைப் போலவே வண்டிக்கு நேர்ந்த ஒன்றின் பதிவு. நுகத்தடிச் செய்தியை அப்பாவிடம் கேட்டுத் தேதியோடு எழுதி, கன வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.

சில் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஹெரால்டில் வெளிச் சில் போல்ட்டில் நிற்பது நல்லதாகப் போயிற்று. கழற்றிக்கொண்டால் பக்கத்திலுள்ள பெயின்ட்டுக்குச் சேதமில்லை. கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அரித்த கீழ்விளிம்பை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டைப் பற்றவைத்து, மீதியை அப்படியே விடச் சொல்லுங்கள். புதிதாகச் செய்து மாட்ட நேர்ந்தாலும் பழைய சில்லைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் பரணில் போட்டு வையுங்கள். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் வலியுறுத்துவதும் இதையே: தேவையான அளவுக்கு மட்டும் கைவைப்பது, செய்த வேலையை மறைக்காமல் பதிவுசெய்வது.

டிங்கரிங் ஷெட் எழுதியது:

நிறத்துக்கு நான் சொல்கிறேன். ரப்பருக்கு அடியிலுள்ள ஆழமான நீலத்தைக் காட்டிப் பெயின்ட் கலக்கச் சொன்னால் சில் மட்டும் புதிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் இடப்பக்கக் கதவையும் பின் மட்கார்டையும் கழுவி, எண்ணெய்ப் பாலிஷ் போட்டு, மெழுகும் முடித்துவிடுங்கள். அதன் பிறகு கதவின் கீழ்ப்பகுதியை வைத்துக் கடையில் கருவியால் நிறத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சில் மேல் மட்டும் அடித்து, பளபளப்பைச் சற்றுக் குறைத்தால் கண்ணை உறுத்தாது. தாங்கியில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி பூசி, மூடிய குழிவுகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே செய்துவிடுங்கள். காவிரிக் கரை ஈரத்துக்கு இது கட்டாயம். உங்கள் ஊர் ஷெட்டில் மொத்தமாக அடித்தால்தான் வேலை எடுப்போம் என்றால், சில்லை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், செய்து தருகிறேன்.

மைக்ரான் எழுதியது:

பதிவைப் பற்றி: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத தனியார் வாகனங்கள் விண்டேஜ் என்ற வகையில் வரும். புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பெயின்ட்டைப் பற்றி விதியில் தனியாக ஒன்றுமில்லை. ஆனால் மூல வடிவம் என்பதைக் காட்டும்போது உங்கள் கன வரைபடமும் புகைப்படங்களும் உதவும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பதிவில் வந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு வரை போய்வர நினைத்தால், இப்போதுள்ள பதிவையே தகுதிச் சான்றோடு புதுப்பித்துக்கொள்வது உங்களுக்கு வசதி. விண்ணப்பம் எதுவானாலும் சில் வேலையை முடித்த பிறகு கொடுங்கள். ஆய்வாளர் முதலில் கீழே குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.